இடது கண்ணாடியில் ஒட்டிய டேப்

அனுவுக்கு,

உன் ஈமெயில் கிடைத்தது. நான்கு பாயின்ட், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கறுப்புப் புள்ளி. பெற்ற தகப்பனுக்கு எழுதியதா, ஆபீஸில் வேண்டாத ஆளை வெளியே அனுப்புகிற நோட்டீஸா என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. 'பௌண்டரி' என்ற சொல் மூன்று இடத்தில் வந்தது. எனக்குத் தெரிந்த பௌண்டரி கிரிக்கெட்டில்தான் உண்டு. இரண்டு முறை படித்த பிறகு விஷயம் விளங்கியது. விஜயதசமி அன்று ஃப்ரீமான்டில் உன் வீட்டில் கவினுக்கு எழுத்தறிவிக்கப் போகிறீர்கள். தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, பிள்ளையை மடியில் உட்கார வைத்து, அவன் கையைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைக்க வேண்டியவன் தாத்தாவாகிய நான். கவின் இடது கைக்காரன். அவன் இடது கையால்தான் எழுதுவான், சம்மதமென்றால் வாருங்கள், உங்களால் முடியாதென்றால் டிக்கெட்டை கேன்சல் பண்ணிவிடுங்கள். இதுதான் உன் நான்காவது பாயின்ட். கீழே 'லவ், அனு' என்று வேறு போட்டிருந்தாய்.

வழக்கம்போல உங்கம்மாவிடம் போய்க் கத்தினேன். மூன்று வயதுப் பையனுக்கு எது சோற்றுக்கை என்று சொல்லிக் கொடுக்க ஒரு தாத்தாவுக்கு உரிமை இல்லையா என்றேன். அவள் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவ சரியாத்தான் எழுதியிருக்கா. ஜூன் மாசம் அவ வீட்ல நீங்க பண்ண கூத்தை நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன்" என்றாள். யாரும் பார்க்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒரு காரியத்தை வீட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். சாப்பாட்டு மேசையில் கவின் ஸ்பூனை இடது கையில் எடுத்தான். நான் வலது கைக்கு மாற்றினேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி இடது கைக்குக் கொண்டுவந்தான். விளையாட்டு என்று நினைத்தான் போல. நான் இன்னொரு தடவை மாற்றினேன். மூன்றாவது தடவை, மேசைக்கு அடியில் அவன் இடது கையைப் பிடித்து வைத்துக்கொண்டேன். அப்போது அவன் சிரிப்பதை நிறுத்தினான். நீ அவனைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாய். குழந்தைக்குத் தூக்கம் வந்துவிட்டது என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டு இரண்டாவது தடவை ரசம் ஊற்றிக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதவில்லை. நம் ஊர்த் தமிழர்கள் வருஷா வருஷம் போடுகிறார்களே ஒரு மலர், தலைவர் படம் முதல் பக்கத்திலும் ரியல் எஸ்டேட் விளம்பரம் மற்ற எல்லாப் பக்கத்திலும், அதற்கும் கொடுக்கப் போகிறேன். பெயர்களை மாற்றிவிட்டேன், பயப்படாதே. உன் விஷயத்தில் நான் அடித்த பெருமையெல்லாம் நாலு பேர் முன்னால் அடித்தது. தப்பை மட்டும் காதோடு காதாக ஒத்துக்கொள்வது யோக்கியன் செய்கிற வேலை இல்லை.

உனக்கு மூன்றரை வயதிருக்கும்போது நாம் டெக்ஸஸில் இந்தக் கேட்டி ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நீ க்ரேயான், ஸ்பூன், பிரஷ், பந்து எல்லாவற்றையும் இடது கையால் எடுப்பாய். உங்கம்மா, "விடுங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள். விடுகிற ஆளா நான்? நாளைக்குக் கோவிலில் பிரசாதத்துக்கு இடது கையை நீட்டினால் என்ன சொல்வார்கள், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரன் என்ன நினைப்பான் என்று பதினாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற பக்கத்து இலைக்காரனுக்காகக் கவலைப்பட்டேன். என் சிவப்பு கம்பளி சாக்ஸ் ஒன்றை எடுத்து உன் இடது கையில் முழங்கைக்கு மேல் வரை ஏற்றி, சட்டையோடு சேர்த்து ஊக்கு குத்தினேன். இரண்டே நாளில் நீ பல்லால் ஊக்கைத் திறக்கக் கற்றுக்கொண்டாய். உடனே நான் ஊக்கைத் தோளுக்குப் பின்பக்கம் மாற்றினேன். அந்த யோசனை வந்தபோது எனக்கு என்ன பெருமை தெரியுமா? ரிஃபைனரியில் வால்வு கசிவைக் கண்டுபிடித்தவன் மாதிரி உங்கம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த வருஷ விஜயதசமிக்கு நீ என் மடியில் உட்கார்ந்து அரிசியில் எழுதினபோதும் சாக்ஸ் இருந்தது. பட்டுப்பாவாடை, தலையில் பூ, கையில் சிவப்பு சாக்ஸ். போட்டோவில் அது தெரியக் கூடாதென்று உன் இடது கையை என் வேட்டிக்குள் மறைத்துப் பிடித்திருந்தேன். நான்கு மாதத்தில் நீ வலது கைக்காரி ஆகிவிட்டாய். என் வாழ்க்கையில் குறித்த தேதிக்கு முன்னால் நான் முடித்த ஒரே ப்ராஜெக்ட் அதுதான். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடுகிற பாட்லக் பாட்லக்காகப் போய் அதைச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது துப்பாக்கிக்கு வருகிறேன். உனக்குப் பதினாலு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரவி அங்கிள் வீட்டுப் பேக்யார்டில், சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டு ரவி ஒரு பிரசங்கம் செய்தான். அவனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. தெரிந்த விஷயம் ஒன்றும் சரியாக இருந்ததும் கிடையாது. "சார், வயலின், பரதம், ஸ்பெல்லிங் பீ இதெல்லாம் பாத்தாலே காலேஜ் அட்மிஷன் ஆபீஸ்ல கொட்டாவி விடறான். பொண்ண ஷூட்டிங்ல போடுங்க. இந்தியப் பொண்ணு, கையில ஷாட்கன். அப்படியே தூக்கிடுவான் சார்" என்றான். சுற்றி நின்ற பத்து எஞ்சினியர்களும் வேதவாக்கு மாதிரி தலையாட்டினோம். கரப்பான் பூச்சியைக் கண்டால் மேசை மேல் ஏறி நிற்கிற கூட்டம். அடுத்த வாரமே உன்னைக் கூட்டிக்கொண்டு, ஃப்ரீவேயில் மேற்கே நாற்பது நிமிஷம் தள்ளி இருந்த அந்த க்ளப்புக்குப் போனேன். உனக்கு இஷ்டமா என்று கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் நம் வீட்டில் எப்போது இருந்தது?

அங்கே கோச் மிஸ்டர் டேல். அறுபது வயது, வெயிலில் வெந்த முகம், பதினாலு வயதுப் பெண்ணையும் 'மேம்' என்று கூப்பிடுகிற மனிதர். ஒரு மெஷின் ஆரஞ்சு நிற மண் தட்டுகளை வானத்தில் வீசும். 'புல்', அதாவது இழு, என்று கத்தினால் தட்டு பறக்கும், கீழே விழுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து தட்டு. அவர் உன்னிடம் துப்பாக்கியைத் தருவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார். இரண்டு கையையும் நீட்டி, விரல்களைச் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை வைத்து, அதன் வழியாக அவர் மூக்கைப் பார்க்கச் சொன்னார். நீ பார்த்தாய். அவர் எதிரே நின்று ஓட்டை வழியாகத் தெரிகிற கண் எது என்று பார்த்தார். "இடது" என்றார். கைக்கு எப்படி ஒரு பக்கம் உண்டோ அப்படிக் கண்ணுக்கும் உண்டாம். இரண்டு கண்ணும் பார்த்தாலும், ஒரு சாமான் எங்கே இருக்கிறது என்று மூளை கணக்கு எடுப்பது ஒரு கண்ணை நம்பித்தானாம். அது குறையில்லை, பவரோடும் அதற்குச் சம்பந்தமில்லை. பறக்கிற தட்டைச் சுடுகிறவர்கள் ஒரு கண்ணை மூடுவதில்லை. இரண்டையும் திறந்து தட்டையே பார்ப்பார்கள், அந்தக் கண் எங்கே பார்க்கிறதோ துப்பாக்கி அங்கே போகும். அதனால் அந்தக் கண்ணுக்குக் கீழே துப்பாக்கி இருக்க வேண்டும், அவ்வளவுதான் சமாசாரம் என்றார். பிறகு துப்பாக்கியை உன் கையில் கொடுத்தார். நீ அதை எடுத்து, யாரும் சொல்லாமல், இடது தோளில் சாய்த்தாய்.

நிஜமாகச் சொல்கிறேன். பத்து வருஷமாக மூடி வைத்திருந்த ஏதோ ஒன்று மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்த மாதிரி இருந்தது. "ஷீ இஸ் ரைட் ஹேண்டட்" என்றேன். அவர் உன்னைப் பார்த்தார். நீ உன் ஷூவைப் பார்த்தாய். "எழுதுவது வலது கையாக இருக்கலாம் சார், கண் இடதுதான், முதல் நாளே இடது தோளில் பழக்கிவிட்டால் பிரச்னையே இல்லை" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஷுகர் லாண்டில் நம்மவர் ஒரு கண் டாக்டர் அம்மாவிடம் உன்னைக் காட்டினேன். அந்தம்மா சிரித்தார். "இது வியாதி இல்ல சார், கண்ணாடி போட்டு மாத்தறதுக்கு. விட்டுடுங்க" என்றார். இவருக்கு என்ன தெரியும் என்று வெளியே வந்ததும் சொன்னேன். கண்ணைப் படிக்கவென்றே இத்தனை வருஷம் செலவழித்த அம்மாவைப் பற்றி, பைப்பில் ஓடுகிற எண்ணெயைப் பற்றிப் படித்த நான் சொன்னேன். அப்புறம் இன்டர்நெட்டில் தேடி எனக்கு வேண்டிய பதிலைக் கண்டுபிடித்தேன். தேடினால் எந்த முட்டாளுக்கும் அவனுக்கு வேண்டிய பதில் அங்கே கிடைக்கும். சுடும்போது போடுகிற கண்ணாடியில், அந்த அதிகாரக் கண்ணுக்கு முன்னால் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால், மூளை வேறு வழியில்லாமல் மற்ற கண்ணை நம்பும்.

டேல் அதைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சிலர் செய்வதுதான். நாற்பது வருஷம் ஒரே தோளில் சுட்டுப் பழகி, மாற முடியாத பெரிய ஆட்கள் செய்வார்கள். இன்றைக்குத்தான் ஆரம்பிக்கிற பிள்ளைக்கு எதற்கு? தட்டின் தூரமும் வேகமும் இரண்டு கண்ணுக்குத்தான் நன்றாகப் பிடிபடும். பாதி வானத்தை மறைத்துவிடுகிறீர்கள்" என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "நீங்கள்தான் அப்பா" என்று சொல்லிவிட்டு அவர் போனார். அதில் மரியாதை துளியும் இல்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு நான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு டேப்பை நகத்தால் அழுத்தித் தேய்த்தேன்.

மூன்று வருஷம், சனிக்கிழமை தவறாமல், அந்த ஆள் உன் பின்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். என்னை நான் அந்த ஆள் என்றுதான் சொல்ல முடிகிறது. தலையில் கோமாளி மாதிரி பெரிய தொப்பி, கூலரில் தயிர்சாதம், கையில் எண்ணிக்கைக்கு ஒரு க்ளிக்கர். ஒரு தடவைகூட அவன் துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனால் கழுத்தை எப்படி வைக்க வேண்டும், மூச்சை எங்கே நிறுத்த வேண்டும் என்று எல்லாம் அவனுக்குத் தெரியும். ரவி பேச்சைக் கேட்டு இன்னும் நான்கு குடும்பங்கள் வந்து சேர்ந்தன. எல்லா அப்பாக்களும் வரிசையாக நாற்காலி போட்டோம். அந்த டெக்ஸஸ்காரர்கள் தங்கள் பிள்ளைகள் சுடும்போது பீஃப் ஜெர்க்கி என்கிற காய்ந்த மாட்டுக்கறியை மென்றுகொண்டு கதை பேசுவார்கள். நாங்கள் பரீட்சை ஹால் சூப்பர்வைசர் மாதிரி முறைத்துக்கொண்டிருப்போம். உனக்கு எப்போதும் பதினாலு. சில நாள் பதின்மூன்று, சில நாள் பதினைந்து, மறுபடி பதினாலு. காரில் ஏறினதும் ஆரம்பிப்பேன். "பதினாலு ஒரு மார்க்கா? இருபத்தஞ்சுக்குப் பதினாலுன்னா எவ்ளோ பர்சென்ட், சொல்லு." நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "ஃபிஃப்டி சிக்ஸ்" என்பாய். "கான்சன்ட்ரேஷன் இல்ல. மனசு இங்க இல்ல. ரவி அங்கிள் பையன் பத்தொன்பது அடிக்கறான், அவனுக்கு என்ன நாலு கண்ணா?" என்று நானே கேட்டேன், அனு. உன் ஒரு கண்ணை என் கையால் மூடிவிட்டு, அவனுக்கு என்ன நாலு கண்ணா என்று உன்னைக் கேட்டேன். துப்பாக்கி உதைத்து உன் வலது தோள் நீலமாகக் கன்றிப் போயிருக்கும். உங்கம்மா தைலம் தேய்ப்பாள்.

பதினேழு வயதில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். நான் மறந்துவிட்டதாக நடித்துக்கொண்டு இத்தனை நாள் ஓட்டிவிட்டேன். அந்த வருஷம் எனக்கு மிட்லண்டில் சைட் வேலை. சில சனிக்கிழமைகளில் வர முடியாது, உங்கம்மா உன்னை இறக்கிவிட்டுப் போவாள். ஒரு சனிக்கிழமை வேலை சீக்கிரம் முடிந்து, ஏர்போர்ட்டிலிருந்து நேரே க்ளப்புக்கு வந்தேன். பார்க்கிங்கிலிருந்து நடந்து வரும்போதே ஒரு பெண் சுடுவது தெரிந்தது. தொப்பி, காதில் சத்தம் தடுக்கிற மஃப், முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. துப்பாக்கி இடது தோளில். 'புல்' என்கிற சத்தம், தட்டு எழுந்த மறு நொடி தூள். அடுத்தது, தூள். அவசரமே இல்லை அவளிடம். தட்டு எங்கே வரும் என்று முன்கூட்டியே யாரோ சொல்லி வைத்த மாதிரி துப்பாக்கி அங்கே போய் நின்றது. எனக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. நாற்காலியில் இருந்த ரவியிடம், "பாருங்க ரவி, யார் பெத்த பொண்ணோ, என்ன அலட்டாம அடிக்குது. நம்ம வீட்லயும் ஒண்ணு இருக்கே" என்றேன். ரவி என்னை ஒரு மாதிரி பார்த்தான். "சார், அது உங்க பொண்ணு சார்" என்றான்.

அந்த ஒரு நிமிஷம், உன் முகம் தெரியாத அந்த ஒரு நிமிஷம்தான், இந்த உலகத்தில் நான் உன்னை ஒழுங்காகப் பார்த்தது. தெரிந்ததும் எல்லாம் போயிற்று. நீ திரும்பினாய். கண்ணாடியில் டேப் இல்லை. என்னைப் பார்த்ததும் உன் முகத்தில் முதலில் வந்தது பயமில்லை, சிரிப்பு. "ட்வென்ட்டி த்ரீ, அப்பா. ஐ காட் ட்வென்ட்டி த்ரீ" என்று மூச்சு வாங்கச் சொன்னாய். உன் பின்னால் டேல் நின்றிருந்தார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இப்போதாவது உனக்குக் கண் திறக்கிறதா பார்ப்போம் என்கிற மாதிரி. அந்த ஆள் என்ன செய்தான்? "எவ்ளோ நாளா நடக்குது இது?" என்றான். அத்தனை பேர் முன்னால், உன் பையில் கிடந்த டேப் சுருளை எடுத்து, பல்லால் கடித்து ஒரு துண்டு கிழித்து, நீ போட்டிருந்த கண்ணாடி மேல், உன் முகத்திலேயே ஒட்டினான். கட்டைவிரலால் அழுத்தினான். உன் தலை பின்னால் போயிற்று. துப்பாக்கியைத் திறந்து, காலி என்று டேலிடம் காட்டி, ஸ்டாண்டில் வைத்தாய். கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தாய். போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாய். வீடு வரும்வரை பேசினது நான்தான். வீட்டு வாசலில் இறங்கும்போது நீ ஒன்றே ஒன்று சொன்னாய்: "ஐ வாஸ் குட், அப்பா. தட்ஸ் ஆல்." அதற்குப் பிறகு நீ துப்பாக்கியைத் தொடவில்லை. காலேஜ் அப்ளிகேஷனில் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எந்த அப்ளிகேஷனுக்காக அத்தனை கூத்தோ அதில் ஒரு வரிகூட இல்லை. நான் அதையும் உன் பிடிவாதம் என்று பாட்லக்கில் சொன்னேன்.

போன சனிக்கிழமை, உன் ஈமெயிலைப் பாக்கெட்டில் மடித்து வைத்துக்கொண்டு, அந்த க்ளப்புக்குப் போனேன். ஏன் போனேன் என்று உங்கம்மா கேட்டாள். உண்மையைச் சொன்னால் நீ சிரிப்பாய். எனக்கும் இடது கண்ணாக இருக்கும் என்று ஒரு நப்பாசை. இருந்தால், சின்ன வயதில் என்னையும் இப்படித்தான் மாற்றினார்கள், எனக்கு வேறு தெரியாது என்று உனக்கு உருக்கமாக ஒரு பதில் எழுதித் தப்பித்துக்கொள்ளலாமே. டேல் இன்னும் இருக்கிறார். இடுப்பு எலும்பை மாற்றிவிட்டார்கள், கால்ஃப் கார்ட்டில் உட்கார்ந்தபடி சொல்லிக் கொடுக்கிறார். என்னை அடையாளம் தெரிந்தது. "இடது கைப் பெண்ணின் அப்பா" என்றார். "இப்போதும் சுடுகிறாளா?" என்று கேட்டார். இல்லை என்றேன். எனக்கு அந்தச் சோதனையைச் செய்யுங்கள் என்றேன். கையை நீட்டி, ஓட்டை வழியாக அவர் மூக்கைப் பார்த்தேன். சுத்த வலது. கையும் வலது, கண்ணும் வலது. சாக்குப் போக்குக்கு வழியே இல்லை. கத்தரிக்கோல், கதவுக் குமிழ், ஸ்கூல் டெஸ்க், துப்பாக்கி என்று உலகத்தில் செய்து வைத்த சாமான் எல்லாம் எனக்கு வசதியாகச் செய்தது, அறுபத்துநாலு வருஷம் அதில் சொகுசாக உட்கார்ந்துகொண்டு அதை ஒழுக்கம் என்று நினைத்திருக்கிறேன்.

"சுட்டுப் பாருங்கள்" என்று டேல் ஒரு துப்பாக்கியைக் கொடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவை. இயற்கையாக, வலது தோளில், இருபத்தைந்துக்கு ஒன்பது. முதல் தடவைக்கு மோசமில்லை என்றார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது. அப்புறம் அவர் சட்டைப் பையிலிருந்து டேப் எடுத்தார். என் வலது கண்ணாடியில் ஒட்டினார். துப்பாக்கியை என் இடது தோளுக்கு மாற்றினார். "இதுதான் உங்கள் பெண்ணுக்கு இருந்தது, திருப்பிப் போட்டது மாதிரி. இப்போது சுடுங்கள்." அனு, தட்டு எங்கே இருக்கிறதென்றே எனக்குத் தெரியவில்லை. ஆரஞ்சாக ஏதோ ஒன்று போகும், கிட்டே போகிறதா தூரப் போகிறதா என்று நிதானிப்பதற்குள் புல்லில் கிடக்கும். கன்னத்தில் கட்டை இடிக்கிறது, விரல் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. மூளை டேப்புக்குப் பின்னால் இருக்கிற கண்ணையே கேட்டுக் கேட்டு ஏமாறுகிறது. பத்தாவது தட்டில் எனக்குக் கோபம் வந்தது. இருபதாவதில் அழுகை வந்தது. இருபத்தைந்துக்கு ஒன்று உடைந்தது. அதையும் டேல் கணக்கில் சேர்க்கவில்லை. அது மெஷினிலிருந்து வரும்போதே உடைந்து வந்ததாம்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினேன். டேல் என் பக்கம் திரும்பாமல், தட்டு விழுகிற புல்வெளியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அந்தப் பெண் இதோடு பதினாலு அடித்தாள். ஒரு வாரம் இரண்டு வாரம் இல்லை. மூன்று வருஷம்." அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அந்தப் பதினாலைத்தான் நான் காரில் வைத்து பர்சென்டேஜ் போடச் சொன்னேன். வாயைத் திறந்தால் அதே பதினாலு. அதே டேப்போடு நான் ஒரு தட்டைக்கூடத் தொடவில்லை. வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வரும்போது உன்னிடம் பேசினதையெல்லாம் சத்தமாக எனக்கே சொல்லிப் பார்த்தேன். கேட்கச் சகிக்கவில்லை, பாதியில் நிறுத்திவிட்டேன். வெட்கமாக இருக்கிறது, அனு. வேறு அழகான வார்த்தை எனக்குத் தெரியவில்லை. வெட்கம்.

உனக்கு அறிவுரை சொல்வதற்கு இந்தக் கடிதம் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். இந்தக் காலத்துப் பெற்றோர்களைப் பற்றி எனக்கு நிறைய இளக்காரம் உண்டு. கவின் தக்காளி சாப்பிடவில்லை என்றால் நீயும் மாப்பிள்ளையும் தரையில் மண்டி போட்டு அவன் உணர்ச்சிகளை விசாரிக்கிறீர்களே, அதைப் பார்த்து நானும் உங்கம்மாவும் ரூமுக்குள் போய்ச் சிரித்திருக்கிறோம். இன்னமும் அது எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தரையில் மண்டி போட்டால் குழந்தையின் முகம் தெரிகிறது. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், எனக்கு முதுகுதான் தெரிந்தது. ஒன்று மட்டும் சொல்கிறேன், கேட்டால் கேள். எது உன் கண்ணுக்குத் தப்பாகப் படுகிறதோ, அதைத் திருத்துவதற்கு முன்னால், நீ ஒரு தடவை அவன் நிற்கிற இடத்தில், அவன் பிடிக்கிற மாதிரி பிடித்து நின்று பார். இருபத்தைந்து தட்டு போதும். எனக்கு அது அறுபத்துநாலு வயதில் கிடைத்தது.

இப்போது உன் நான்காவது பாயின்டுக்குப் பதில். டிக்கெட்டை கேன்சல் பண்ணவில்லை, பண்ணவும் மாட்டேன். ஆனால் என் வார்த்தையை நம்பி நீ உன் பிள்ளையை என் மடியில் உட்கார வைக்க வேண்டாம். என் கை பழைய கை, அது என்னைக் கேட்காமல் நகரும், ஜூனில் நீயே பார்த்தாய். உங்கம்மா அந்தச் சிவப்பு சாக்ஸைத் தூக்கிப் போடவில்லை. நேற்று அலமாரியிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தாள். இத்தனை வருஷம் எதற்கடி வைத்திருந்தாய் என்று கேட்டேன். "என்னிக்காவது உங்க மூஞ்சில விட்டெறியணும்னுதான்" என்றாள். அதைப் பெட்டியில் வைத்துவிட்டேன். விஜயதசமி அன்று காலையில் குளித்து, வேட்டி கட்டி, அதை என் வலது கையில் முழங்கைக்கு மேல் வரை மாட்டிக்கொண்டு வந்து உட்காருகிறேன். அரிசியை நீயே பரப்பு. கவின் எந்தக் கையை வேண்டுமானாலும் எடுக்கட்டும், யாரும் பிடிக்க வேண்டாம். உன் ஃப்ரீமான்ட் சிநேகிதர்கள் இதென்ன அங்கிள் கையில் என்று கேட்பார்கள். கேட்கட்டும், சொல்கிறேன். போட்டோ எடுக்கும்போது மறைக்க மாட்டேன்.

ஒரு கையை வைத்துக்கொண்டு எனக்கு ஊக்கு குத்த வராது. அதை மட்டும் நீ வந்து குத்திவிடு. தோளுக்குப் பின்பக்கம் குத்தும்மா. முன்னால் குத்தினால் பல்லால் கழற்றிவிடலாம்.

அப்பா